சுண்ணாம்புக் கோடு முதல் மாயக் கண்ணாடி வரை

மலர்க் குழுவினர் "நம்ம தொழிலைப் பற்றிச் சரித்திரம் மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டபோது, எனக்கு என்ன சரித்திரம் தெரியும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, கையில் சுண்ணாம்புப் பொடியோடு மண்ணூர்பேட்டை மனைகளில் நின்ற காலை நேரங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடைக்கால் தோண்டுமுன் நூல் பிடித்துத் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவோமே, அன்றைக்கு வீட்டுக்காரர் குடும்பத்தோடு வருவார். கோட்டுக்குள் நின்று பார்த்துவிட்டு அந்த அம்மா தவறாமல் கேட்பார்: "என்னங்க, ஹால் இவ்ளோதானா?" பிளானில் மாதக்கணக்கில் பார்த்த அதே ஹால்தான். ஆனால் தாளில் பார்ப்பது வேறு, உள்ளே நின்று பார்ப்பது வேறு. பிளான், எலிவேஷன், செக்ஷன் என்று மூன்றாகப் பிரித்து வரையவும், மூன்றையும் மனசுக்குள் சேர்த்துப் பார்க்கவும் நம் கல்லூரியில் கற்றுக் கொடுத்தார்கள். பணம் கொடுப்பவருக்கும் செங்கல் சுமப்பவருக்கும் அந்த வித்தை தெரியாது. சில சமயம் நமக்கே தெரியாது.

என் கதையையே சொல்கிறேன். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த பிறகு, அதை ஒட்டிய மண்ணூர்பேட்டைப் பக்கமும் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. 1980-களின் கடைசியில் அப்படி ஒரு பட்டறைக்கு நான் வரைந்தேன். ட்ரேசிங் பேப்பர், ராட்ரிங் பேனா, தப்பு வந்தால் பிளேடால் சுரண்டல், அமோனியா பிரிண்ட் எடுக்கும்போது கண்ணெரிச்சல் எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். மாடிப்படி ஒரு தாளில், அதன் மேலே போகும் பீம் இன்னொரு தாளில். இரண்டும் தனித்தனியே சரி. கட்டி முடித்த பிறகு படியேறிய முதல் ஆளுக்கு நெற்றியில் அடி. பீமை உடைக்க முடியாது. பழைய டயரை வெட்டி பீமின் விளிம்பில் கட்டி, மஞ்சளும் கறுப்புமாக பெயிண்ட் அடித்து வைத்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தலைகுனிந்தேன், இரண்டு அர்த்தத்திலும்.

இதே தொல்லையை அமெரிக்காவில் வேறு விதமாகச் சமாளித்திருக்கிறார்கள். இவான் சதர்லாந்து என்பவர் 1963-இல் திரையில் கோடு வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்ற புரோகிராமைச் செய்தார். 1968-இல் தலையில் மாட்டிக்கொள்ளும் காட்சிக் கருவியையும் அவரே செய்தார். அதன் கனம் தாங்காமல் கூரையிலிருந்து ஒரு கம்பத்தில் தொங்கவிட வேண்டியிருந்ததாம். நம் வேலைக்கு நேராகப் பயன்பட்டது அதற்கடுத்த முயற்சி. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபிரெட் புரூக்ஸின் குழுவினர், தங்கள் துறைக்கென்று கட்டவிருந்த சிட்டர்சன் ஹாலை, கட்டும் முன்பே கம்ப்யூட்டருக்குள் கட்டி நடந்து பார்த்தார்கள். கால் அடியில் நடக்கும் பெல்ட், கையில் சைக்கிள் ஹேண்டில்பார். (டி.ஐ. சைக்கிள்ஸ் இருந்த ஊர்க்காரனுக்கு இதைப் படித்ததும் ஒரு சந்தோஷம்!) முன்கூடத்தில் ஒரு தடுப்புச் சுவர் நெருக்கடியாக இருப்பதாக அவர்களுக்குப் பட்டது. ஆர்க்கிடெக்டுகள் முதலில் ஒப்பவில்லை. அவர்களையும் நடக்கவிட்டார்கள். சுவர் இடம் மாறியது. 1987-இல் நிஜக் கட்டடம் எழுந்தது. நான் டயர் கட்டிய அதே சமயத்தில்தான் இதுவும் நடந்திருக்கிறது.

நடுவில் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோகேட் 1982-இல் வெளிவந்து, சில வருஷங்களில் நம் டிராயிங் போர்டுகளைப் பரணுக்கு அனுப்பியது. கோடுகளுக்குப் பதில் தூண், பீம், குழாய் என்று பொருளாகவே கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் அமைக்கும் 'பிம்' முறை 2000-க்குப் பின் பரவியது. நாக்பூர் மெட்ரோவில் மூன்று அளவுகளோடு காலத்தையும் செலவையும் சேர்த்து '5டி' என்று வேலை பார்த்தார்கள். என் மாடிப்படியைப் போன்ற மோதலை இந்த முறை வானம் தோண்டும் முன்பே சிவப்பு நிறத்தில் காட்டிவிடும். அந்த மாடலுக்குள்ளேயே கண்ணாடி மாட்டி நுழைவதுதான் இன்றைய மெய்நிகர் உலகம். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்தத் துறைக்கென்றே ஆராய்ச்சி மையம் நடக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. 2014 ஜூன் 28 மாலை, போரூர் பக்கம் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். பாரம் தாங்கும் அமைப்பிலேயே குறை என்றார்கள். அந்தக் கட்டடத்துக்குள் எத்தனை பேர் கண்ணாடி மாட்டிக்கொண்டு உலவியிருந்தாலும் அந்தக் குறை கண்ணில் பட்டிருக்காது. இத்துப்போன தூணும் கம்ப்யூட்டரில் பளபளவென்றுதான் நிற்கும். கணக்குப் போட்டவர், அதைச் சரிபார்த்தவர், கம்பி கட்டும்போது நேரில் நின்றவர், இந்த மூன்று பேருடைய வேலையைக் கண்ணாடி செய்யாது. பிளாட் விற்பவர்கள் இப்போது இதே கண்ணாடியை மாட்டிவிட்டு, இல்லாத பால்கனியில் இல்லாத கடலைக் காட்டுகிறார்கள். மாதிரி வீட்டை நம்பி ஏமாந்தவருக்கு இழப்பீடு உண்டு என்று 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் 12-ஆம் பிரிவில் சொல்லியிருப்பது நல்லதாய்ப் போயிற்று.

சமீபத்தில் எஸ்டேட்டில் ஓர் இளைஞர் அலுவலகத்துக்கு என் பழைய மேஸ்திரியை அழைத்துப் போனேன். எழுபதைத் தாண்டியவர், பிளான் படிக்கத் தெரியாதவர். கண்ணாடியை மாட்டியதும் கையை நீட்டி இல்லாத சுவரைத் தடவப் பார்த்தார். மாடிப்படியில் ஏறும்போது தானாகவே குனிந்தார், அங்கே பீம் எதுவும் இல்லை! பிறகு அந்தப் பையனிடம், "தம்பி, உள்ளாற கம்பி எப்படிப் போவுதுன்னு காட்டுமா இது?" என்று கேட்டார். கம்பியையும் மாடலில் போட்டிருந்தால் காட்டும் என்றான் பையன். இந்தக் கட்டடத்துக்குப் போடவில்லையாம், நேரமில்லையாம்.

"அப்ப போட்டுட்டுக் கூப்புடு, வரேன்" என்று கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

அந்தப் பட்டறை இப்போது குடோன். டயர் இன்னும் பீமில் தொங்குகிறது. சங்க விழாவுக்கு வரும் நண்பர்கள் மண்ணூர்பேட்டை ஸ்டாப்பில் இறங்கினால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். படியேறும்போது மட்டும் கொஞ்சம் குனிந்து வாருங்கள்.