பல் மருத்துவ முதுநிலை நுழைவுத் தேர்வும் தினசரிப் படிப்புத் திட்டமும்

இந்தியாவில் பி.டி.எஸ். முடித்தவர்கள் எம்.டி.எஸ். படிப்பில் சேர எழுதும் தேர்வு இன்று நீட் எம்.டி.எஸ். எனப்படுகிறது. இத்தேர்வுக்கு நாளொன்றை எப்படிப் பிரித்துப் படிப்பது என்ற கேள்வி, தேர்வு தோன்றிய நாள் முதலே இருந்து வருகிறது. அதற்கான விடை மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. தேர்வை யார் நடத்தினார்கள், எந்த மாதத்தில் நடத்தினார்கள், என்ன கேட்டார்கள் என்பவையே மாணவரின் நேர அட்டவணையைத் தீர்மானித்தன.

பின்னணி

நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் தொடங்கினார். 1948-இல் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது. அதன் கீழ் 1949-இல் இந்தியப் பல் மருத்துவக் குழு அமைந்தது. சென்னையில் 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகவே பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. பட்டப்படிப்பு பரவிய பிறகு, முதுநிலை இடங்களுக்கான போட்டியும் வளர்ந்தது.

முதுநிலைச் சேர்க்கையை நெடுங்காலம் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் நடத்தி வந்தது. 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலத்தவருக்கு மட்டும் எல்லா இடங்களையும் ஒதுக்குவது சரியன்று எனத் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 1986-இல் முதுநிலை இடங்களில் 25 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீடாக நிலைபெற்றது. 2003-இல் சௌரப் சௌத்ரி வழக்கின் தீர்ப்பு அதை 50 விழுக்காடாக உயர்த்தியது. இந்த இடங்களுக்கான தேர்வை டெல்லி எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி வந்தது.

பல தேர்வுகளின் காலம்

அகில இந்தியத் தேர்வு ஒரு புறம், மாநிலத் தேர்வு மறுபுறம், கர்நாடகத் தனியார் கல்லூரிகளின் கூட்டமைப்பான காமெட்-கே நடத்திய தேர்வு, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் தனித்தனித் தேர்வுகள் என ஒரே மாணவர் ஒரே ஆண்டில் பல ஊர்களுக்கு ரயில் ஏறினார். ஒவ்வொரு தேர்வின் வினாப்போக்கும் வேறு, தேதியும் வேறு. எனவே அக்காலத்தில் தினசரித் திட்டம் என்பது பெரும்பாலும் முந்தைய ஆண்டு வினாக்களைத் தொகுத்த தடித்த புத்தகங்களை அடுத்தடுத்து முடிப்பதாகவே இருந்தது. பாடநூலை விட்டுவிட்டு விடைகளை மனப்பாடம் செய்யும் பழக்கம் இங்குதான் வேரூன்றியது. வினா அப்படியே திரும்பி வந்தவரை அது பலன் தந்தது என்பதையும் மறுக்க முடியாது.

2010 டிசம்பரில் பொது நுழைவுத் தேர்வுக்கான அறிவிக்கை வெளியானது. 2013 ஜூலை 18 அன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரல் 11 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பல் மருத்துவர்கள் சட்டமும் திருத்தப்பட்டு, ஒரே தேர்வு என்பது சட்டமாயிற்று. தேசியத் தேர்வு வாரியம் 2016 நவம்பர் இறுதியில் கணினி வழித் தேர்வைத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பி.டி.எஸ். முடித்தவர்கள் எந்தத் தேர்வுக்குப் படிக்கிறோம் என்றே தெரியாமல் படித்தனர்.

வினாத்தாள் வகுத்த நாள்

தேர்வில் 240 கொள்குறி வினாக்கள் உள்ளன. நேரம் 3 மணி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பு, மொத்தம் 960. வகுத்துப் பார்த்தால் ஒரு வினாவுக்கு 45 நொடி கிடைக்கும். வினாத்தாள் பிறகு இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. முதற்பகுதியின் 100 வினாக்கள் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல், பல் மருத்துவப் பொருட்கள், பல் அமைப்பியல் ஆகிய அடிப்படைப் பாடங்களிலிருந்து வருகின்றன. மீதி 140 வினாக்கள் பல் மருத்துவச் சிகிச்சைத் துறைகளைச் சார்ந்தவை.

இதில்தான் பயிற்சி மருத்துவரின் உண்மையான சிக்கல் இருக்கிறது. முதற்பகுதிப் பாடங்கள் எல்லாமே பி.டி.எஸ். முதல் இரண்டு ஆண்டுகளில் படித்தவை. நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடியும் வேளையில், மூளை நரம்புகளின் பாதையையோ பாக்டீரியாக்களின் வளர்ப்பு ஊடகங்களையோ அவர் திரும்பிப் பார்த்து ஏறத்தாழ மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். பகல் முழுவதும் புறநோயாளிப் பிரிவில் பல் பிடுங்குவதும் சொத்தையை அடைப்பதுமாகக் கழிகிறது. இரண்டாம் பகுதிக்கு அந்த வேலையே ஓரளவு துணை செய்யும். முதற்பகுதிக்கு உரிய 400 மதிப்பெண்களுக்கு நோயாளியிடமிருந்து உதவி கிடைக்காது. அது வீட்டுப் படிப்பில்தான் வர வேண்டும்.

ஆகவே, பயிற்சிக் காலத்தில் வழக்கத்தில் உள்ள திட்டங்களில் விடியற்காலை இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடத்துக்கு ஒதுக்கப்படுகிறது. களைத்துத் திரும்பும் மாலையில் புதிய பாடம் ஏறாது என்பதால், அந்நேரம் வினாப் பயிற்சிக்குப் போகிறது. 30 நிமிடத்தில் 40 வினா என்பது தேர்வு வேகத்துக்குச் சரியான அளவு. அவற்றின் விடைகளைச் சரிபார்த்து, தவறியதைப் பாடநூலில் தேடிப் படிப்பதற்கு அதைப்போல் இரு மடங்கு நேரம் தேவைப்படும். இந்த இரண்டாம் வேலையைத் தவிர்ப்பவர்களே அதிகம். திட்டம் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேர முழு மாதிரித் தேர்வுக்கு உரியது.

மதிப்பெண் குறைப்பைப் பற்றிய அச்சமும் ஒரு காலத்தில் திட்டங்களைக் கெடுத்தது. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும், நான்கு வினாக்களுக்கு ஒன்று சரியாகும் என்ற கணக்கில் 4 மதிப்பெண் வரும், 3 போகும். ஒன்று மிஞ்சும். இரண்டு விடைகளை நீக்க முடிந்தவர் விட்டுவிடுவது நட்டமே.

மறதியின் கணக்கு

இத்திட்டங்களின் மையமான திரும்பப் படித்தல் என்னும் கருத்து பழையது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885-இல் வெளியிட்டார். இழப்பின் பெரும்பங்கு முதல் நாளிலேயே நிகழ்வதைக் கண்டார். ஒரே மூச்சில் 68 முறை படித்ததன் பயன், மூன்று நாட்களில் பரப்பி 38 முறை படித்தாலே கிடைத்ததையும் பதிவு செய்தார். 1939-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பிட்சர் என்பவர் 3,605 ஆறாம் வகுப்பு மாணவர்களைச் சோதித்து, படித்த உடனே தேர்வெழுதியவர்கள் பின்னர் அதிகம் நினைவில் வைத்திருந்ததைக் காட்டினார். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் இதை அட்டைப்பெட்டி முறையாக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும்; தவறியது முதல் அறைக்குத் திரும்பும். பின்னாளில் இந்த முறை கைப்பேசிச் செயலிகளுக்குள்ளும் புகுந்தது. மருந்தளவு, பல் முளைக்கும் வயது, ஒட்டுப் பொருட்களின் உறையும் நேரம் போன்ற எண் சார்ந்த செய்திகளுக்கு இது மிகவும் ஏற்றது. ஒரு நோயை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவதற்கு அட்டை மட்டும் போதாது.

நகரும் தேதி

2016-க்குப் பிறகு தேர்வு பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி நடந்ததால் ஓராண்டுத் திட்டம் சாத்தியமாயிற்று. கொரோனா அதைக் குலைத்தது. 2020 டிசம்பர் 16 அன்று தேர்வெழுதியவர்களுக்கு, இட ஒதுக்கீடு பற்றிய முடிவு தள்ளிப்போனதால் கலந்தாய்வு தொடங்க ஆகஸ்ட் ஆயிற்று. தேறியவரும் தேறாதவரும் எட்டு மாதம் காத்திருந்தனர். மீண்டும் படிப்பதா, எங்காவது மருத்துவமனையில் வேலைக்குச் சேர்வதா என்று முடிவெடுக்க முடியவில்லை. அடுத்த தேர்வு 2022 மார்ச் 6-க்கு அறிவிக்கப்பட்டு மே 2-க்கு மாறியது. அதாவது இரு தேர்வுகளுக்கிடையே பதினாறரை மாத இடைவெளி. அதற்கடுத்தது பத்தே மாதத்தில், 2023 மார்ச் 1 அன்று வந்தது. 2024-இல் பிப்ரவரி 9 என்றிருந்த தேதி மார்ச் 18 ஆனது.

இந்த அனுபவம் திட்டமிடும் முறையையே மாற்றியது. தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, கடைசி மாதத்தைத் திரும்பப் படிக்க ஒதுக்கும் பழைய வழக்கம் தேதி நகர்ந்தபோது பயனற்றுப் போனது. அதற்குப் பதிலாகச் சுற்று முறை பரவியது. எல்லாப் பாடங்களையும் ஒருமுறை முடிப்பது முதல் சுற்று. அதே பாடங்களைக் குறைந்த நாட்களில் மீண்டும் முடிப்பது இரண்டாம் சுற்று. தேதி தள்ளிப்போனால் இன்னொரு சுற்று கூடும். முன்னதாக வந்தாலும் ஒரு சுற்றாவது முழுமையாக முடிந்திருக்கும்.