தூரம் உண்டு, திசை இல்லை: சென்னைப் புறநகர்ப் பயணமும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஓர் அட்டவணையும்

சென்னைப் புறநகர்ப் போக்குவரத்தைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு முடிவு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. புறநகர்வாசி இருசக்கர வாகனத்தைத் தேர்ந்துகொண்டுவிட்டார், அவரைப் பேருந்துக்கு மீட்பது கடினம், ஆகவே அகலமான சாலைகளும் நகர மையத்தை நோக்கிய விரைவு ரயிலுமே தீர்வு என்பது அம்முடிவு. இதற்குப் பெரிதும் சான்றாக நிற்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பி-28 அட்டவணை. வேலைக்குச் செல்வோர் எவ்வளவு தூரம், எந்த வாகனத்தில் செல்கிறார்கள் என்று அது மாவட்டவாரியாகக் காட்டுகிறது. அட்டவணையின் எண்களை நான் ஐயுறவில்லை. அவற்றிலிருந்து புறநகரைப் பற்றி இப்படியொரு முடிவுக்கு வர இயலாது என்பதே என் வாதம்.

முதலில் எல்லை. 2011 பிப்ரவரியில் கணக்கெடுத்தபோது சென்னை மாவட்டம் பழைய மாநகராட்சி எல்லைக்குள், ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கியிருந்தது. மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது அதே ஆண்டு அக்டோபரில். மாவட்டம் அந்த அளவுக்கு விரிந்தது 2018-இல். எனவே அம்பத்தூர், ஆலந்தூர், தாம்பரம், ஆவடி எல்லாமே இந்த அட்டவணையில் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களுக்குள் கரைந்துகிடக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தின் நகர்ப்புறப் பத்தியில் தாம்பரத்தோடு காஞ்சிபுரம் நகரமும் சேர்ந்திருக்கிறது. ஊர்ப்புறப் பத்தியில், மாநகர விளிம்பில் கணக்கெடுப்பு நகரம் என்ற தகுதி பெறாத ஊராட்சிகள் செய்யூர், உத்திரமேரூர் வட்டங்களின் கிராமங்களோடு ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கின்றன. புறநகர் என்ற அலகே இல்லாத ஓர் ஆவணத்தைப் புறநகர்ச் சான்றாக எடுத்தாளும்போது குறைந்தபட்சம் இதையேனும் சொல்லியிருக்க வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் தூரப் பத்தியில் இருக்கிறது. 2–5, 6–10, 11–20 கிலோமீட்டர் என்று அட்டவணை தூரத்தை வகுக்கிறது. திசையைக் கேட்பதே இல்லை. பல்லாவரத்தில் வசிக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கிண்டியில் வேலை, மற்றவருக்குப் பள்ளிக்கரணையில். இருவரும் 6–10 என்ற ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். முதலாமவருக்கு 1931 முதல் மின்சார ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் தடம் இருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தும் இருக்கிறது. இரண்டாமவருக்கு ரயில் கிடையாது, ரேடியல் சாலைதான். அவர் வண்டி வாங்கியதை விருப்பம் என்று எழுதுவது எந்த அளவுக்கு நியாயம்? சென்னையின் பொதுப்போக்குவரத்து நகர மையத்திலிருந்து ஆரம்போலப் பிரிந்து செல்வது. புறநகரின் வேலைவாய்ப்போ அம்பத்தூர், ஒரகடம், மறைமலை நகர், சிறுசேரி என்று அந்த ஆரங்களுக்குக் குறுக்காகச் சிதறிக்கிடப்பது. இருசக்கர வாகனப் பத்தியின் எண்ணில் எத்தனை பேர் ஆரத்தின் வழியே செல்கிறார்கள், எத்தனை பேர் குறுக்கே செல்கிறார்கள் என்று அட்டவணை சொல்லாது. குறுக்கே செல்பவர்களே கணிசம் என்பது என் கணிப்பு. கணிப்புதான், இந்த ஆவணத்தைக்கொண்டு அதை நிறுவ முடியாது. ஆனால் எதிர்த்தரப்பின் முடிவையும் இதைக்கொண்டு நிறுவ முடியாது. அவர்கள் மட்டும் அதை நிறுவியதாகவே எழுதிவருகிறார்கள்.

பேருந்துப் பத்தியும் இப்படித்தான். பேருந்து என்பதற்கு ஒரே குறியீடு. மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டு செல்பவரும், ஒரகடம் தொழிற்சாலையின் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குச் செல்பவரும், பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் நிறுவனத்தின் ஒப்பந்தப் பேருந்தில் செல்பவரும் அதற்குள் ஒன்று. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியையும் உள்ளடக்கிய ஒரு மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. நிறுவனங்கள் தமக்கென்று குறுக்குத்தடங்களில் பேருந்து ஓட்டுகின்றன என்பதே, அத்தடங்களில் பயணத் தேவை இருப்பதற்கும் பொதுப்பேருந்து போதாமைக்கும் வலுவான அறிகுறி. அட்டவணையில் அந்த அறிகுறி பொதுப்போக்குவரத்தின் கணக்கில் வரவாகிவிடுகிறது.

ஒருவருக்கு ஒரு வாகனம் என்ற விதிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. முடிச்சூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் பூங்கா நிலையம், பிறகு நடை. இந்த மூன்றில் ஒன்று மட்டுமே பதிவாகும். எது பதிவானாலும் மற்ற இரண்டும் அழிந்துபோகும். புறநகர் ரயில் நிலையங்களின் டூவீலர் ஸ்டாண்டுகளைப் பார்த்த எவருக்கும் வண்டியும் ரயிலும் ஒரே பயணத்தின் இரு பகுதிகள் என்பது தெரியும். அட்டவணை அவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எதிரெதிராக நிறுத்துகிறது. அதைப் படித்தவர்கள் அவற்றைப் போட்டியாளர்களாகவே எண்ணித் திட்டம் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து நிலையம்வரையான இரண்டு மூன்று கிலோமீட்டர் எந்தப் பத்தியிலும் இல்லாததால் அதற்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லாமல் போகிறது.

இந்த அட்டவணை யாரைப் பற்றியது என்பதையும் மறக்கக் கூடாது. விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் நீங்கலான ‘பிற’ தொழிலாளர்கள் மட்டுமே இதில் உண்டு. கல்லூரிக்குச் செல்பவரும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ரேஷன் கடைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் பெண்ணும் இதில் பயணிகளே இல்லை. வேலைப் பயணமே உச்சநேர நெரிசலை உண்டாக்குவதால் திட்டமிட அதுவே போதும் என்பார்கள். சாலையின் கொள்ளளவைக் கணக்கிட மட்டும் அது போதும். 2021-இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் நண்பகலிலும் அப்பேருந்துகள் யாரால் நிரம்புகின்றன என்பதை அறிந்தவர்கள் இந்த வாதத்தை நீட்டிக்க மாட்டார்கள். எல்லாப் பயணங்களையும் வீடுவீடாகக் கேட்டறிந்த, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் 2008-ஆம் ஆண்டு ஆய்வில் நடையின் பங்கு கால்பங்குக்கும் மேல். அந்த ஆய்வும் பழையதுதான். ஆனால் அது கேட்ட கேள்வி சரியானது.

வேறு தரவு இல்லாதபோது இருப்பதைத்தானே பயன்படுத்த முடியும் என்ற மறுப்பு எழக்கூடும். பயன்படுத்தலாம்; மாவட்டங்களை ஒப்பிட, மாநிலப் போக்கை அறிய இந்த அட்டவணை மிக நல்ல கருவி. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் முடிந்தால் இவையெல்லாம் தீர்ந்துவிடும் என்ற இன்னொரு மறுப்புக்கு விரிவான பதில் வேண்டியதில்லை. ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடங்களுக்கும் வீட்டிலிருந்து நிலையம்வரை சென்றுதான் ஆக வேண்டும்.

இந்தத் தவறான வாசிப்புக்கு அடியில் உள்ள பார்வையின் விலையைக் கிளாம்பாக்கத்தில் கண்டோம். 2023 டிசம்பர் இறுதியில் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, அதன் அருகிலேயே செல்லும் மின்சார ரயில் தடத்தில் அங்கு நிலையம் இல்லை. பயணிகள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. பி-28 அட்டவணையால்தான் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. பேருந்தையும் ரயிலையும் வெவ்வேறு பயணிகளின் வெவ்வேறு உலகங்களாகப் பார்க்கும் பழக்கமே இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. நடைக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-இலேயே ஏற்றது. அது மாநகராட்சி எல்லைக்குள்தான் செல்லும். தாம்பரமும் ஆவடியும் இன்று தனி மாநகராட்சிகள். அவற்றைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் நிலையத்துக்குச் செல்லும் தெருவுக்கு நடைபாதை கேட்க, அவ்வூராரின் கையில் ஓர் எண்கூட இல்லை.

2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பு வருகிறது. பயண அட்டவணை வெளியிடப்படுமானால், வார்டு, ஊராட்சி அளவிலும் அதை வெளியிட வேண்டும் என்று கணக்கெடுப்புத் துறையைத் தமிழ்நாடு அரசு இப்போதே கேட்க வேண்டும். வேலைக்குச் செல்லும் ஊரின் பெயரையும், நிலையத்தையோ நிறுத்தத்தையோ அடைய மக்கள் பயன்படுத்தும் வாகனத்தையும் கேட்டறிவது கணக்கெடுப்பால் ஆகாதென்றால், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் (கும்டா) தன் சொந்த வீட்டு ஆய்வில் அதைக் கேட்கட்டும். அதுவரை 2011 அட்டவணையைச் சான்றுகாட்டிப் புறநகரில் சாலை அகலப்படுத்தும் திட்ட அறிக்கைகளை ஆய்வுலகம் ஏற்கக் கூடாது.