'600001 முதல் 600099 வரை' என்று கேட்டால் பியர்-டு-பியர் நெட்வொர்க் ஏன் திணறுகிறது?

டோரன்ட் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். மேக்னட் லிங்க் கையில் இருந்தால் போதும், ஃபைல் எந்தெந்த கணினியில் இருக்கிறது என்பதை நெட்வொர்க்கே கண்டுபிடித்துவிடும். நடுவில் சர்வர் தேவையில்லை. ஆனால் அந்த லிங்க்கைத் தேட மட்டும் நீங்க ஏதோ ஒரு வெப்சைட்டுக்குத்தான் போயாகணும். அதை முடக்கினால் தேடலும் முடங்கும். உரிமையாளரே இல்லாத நெட்வொர்க்கில் தேடலுக்கு மட்டும் ஏன் ஒரு உரிமையாளர்?

ஏனென்றால் இந்த நெட்வொர்க்குகளுக்கு அடியில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டட் ஹாஷ் டேபிள், சுருக்கமாக டிஹெச்டி, ஒரே ஒரு வகைக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: "இந்த கீ யாரிடம் இருக்கிறது?" வார்த்தையை வைத்துத் தேடுவதும், 'இதிலிருந்து இதுவரை' என்று கேட்கும் ரேஞ்ச் க்வெரியும் அதற்குத் தெரியாது. இங்கே நாம் பார்க்கப்போவது இரண்டாவதை.

ஹாஷ் என்ன செய்கிறது?

விற்பவரையும் வாங்குபவரையும் சேர்க்கும் ஒரு ஆப் கட்டுறீங்கன்னு வெச்சுக்கோங்க. சர்வர் கிடையாது, பயனர்களின் கணினிகளே தகவலைப் பகிர்ந்து வைத்திருக்கும். பின்கோடு வரிசைப்படி பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? டெல்லியின் 110, மும்பையின் 400 கிடைத்த கணினிகள் மூச்சுத் திணறும். லடாக்கின் 194 கிடைத்த கணினி ஈ ஓட்டும்.

ஹாஷ் இந்தப் பிரச்னையைத் தீர்க்கிறது. பின்கோடை ஒரு ஃபார்முலாவில் போட்டு, பார்வைக்குத் தாறுமாறான ஒரு எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்தான் எந்தக் கணினி என்பதை முடிவு செய்யும். சுமை ஓரளவு சமமாகப் பரவும். 2001-ல் எம்.ஐ.டி. குழு வெளியிட்ட 'கார்ட்' இந்த வகையில் முன்னோடி (குழுவில் இருந்த ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் படித்தவர்). 10 லட்சம் கணினிகள் இருந்தாலும், சுமார் 20 தாவல்களுக்குள் சரியான கணினியை அடைந்துவிடலாம். அடுத்த ஆண்டு வந்த 'கடெம்லியா'தான் பிட்டோரன்ட்டில் இருப்பது.

விலை என்ன தெரியுமா? 600001-ம் 600002-ம் பக்கத்துப் பக்கத்து ஏரியா என்ற விஷயமே அழிந்துபோகிறது. ஒன்று ஒரு மூலையில், இன்னொன்று எங்கோ. '600001 முதல் 600099 வரை' என்று கேட்டால் 99 தனித்தனி தேடல், ஒவ்வொன்றுக்கும் 20 தாவல் வரை. பின்கோடு என்பதால் இதாவது சாத்தியம். மில்லிசெகண்டில் பதிவான நேரம் என்றால், ஒரு மணி நேரத்துக்கே 36 லட்சம் தேடல். நடக்கிற காரியமா?

மேலே ஒரு மரம்

2004-ல் வந்த 'ப்ரிஃபிக்ஸ் ஹாஷ் ட்ரீ' டிஹெச்டியைத் தொடவே இல்லை. அதன் மேல் ஒரு மரத்தை வைத்தது. நிஜத்தில் இது பிட் கணக்கில் நடக்கும், புரிவதற்காக இலக்கங்களாகவே பார்ப்போம். முதலில் '6' என்று ஒரு பெட்டி. அளவு தாண்டினால் 60, 61, 62 என்று உடையும். சென்னையில் கூட்டம் அதிகம் என்பதால் 600, 6000 வரை உடைந்துகொண்டே போகும். கூட்டம் இல்லாத பகுதியில் பெட்டி உடையாது.

கெட்டிக்காரத்தனம் இங்கேதான். பெட்டியின் பெயர், அதாவது '6000' என்ற முன்னொட்டு மட்டும் ஹாஷ் ஆகிறது. பெட்டிக்குள் வரிசை அப்படியே இருக்கும், பெட்டிகள் நெட்வொர்க் முழுக்கச் சிதறும். உங்கள் கேள்வியின் இரு முனைக்கும் பொதுவான முன்னொட்டு '6000'. நேராக அந்தப் பெட்டிக்கே போகலாம். அது இன்னும் உடைந்திருந்தால், கீழே இருக்கும் பெட்டிகளை ஒரே நேரத்தில் கேட்கலாம். மரத்தின் உச்சியிலிருந்து இறங்கத் தேவையில்லாததால் உச்சியில் நெரிசல் இல்லை.

இதை நிஜமாகவே பயன்படுத்தியது இன்டெல் ஆய்வகத்தின் 'ப்ளேஸ் லேப்' திட்டம். சுற்றிலும் தெரியும் வைஃபை கருவிகளை வைத்து, ஜிபிஎஸ் இல்லாமலே இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டின் பிட்களையும் மாற்றி மாற்றிக் கோத்து ஒரே கீயாக்கினார்கள். பக்கத்து இடங்கள் பெரும்பாலும் பக்கத்து எண்களாயின. குறை: மரத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு முழு டிஹெச்டி பயணம். வேகம் அடிபடும்.

இன்னொரு வழி, ஹாஷையே தூக்கிப்போடுவது. 2003-ன் 'ஸ்கிப் கிராஃப்' கணினிகளை கீ வரிசையிலேயே நிறுத்தி, தூரத்துக்குத் தாவ பல அடுக்கு இணைப்புகள் கொடுத்தது. 2004-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'மெர்க்குரி'யும் வரிசையைக் காப்பாற்றியது. அப்போ சுமை? லேசான பகுதியில் இருக்கும் கணினி அங்கிருந்து விலகி, கூட்டமான பகுதியில் மறுபடி சேர்ந்துகொள்ளும். லடாக் ஊழியரை மும்பைக்கு டிரான்ஸ்ஃபர் செய்வது மாதிரிதான். ஆனால் கணினிகள் வந்து போய்க்கொண்டே இருக்கும் நெட்வொர்க்கில் இந்த இடமாற்றத்துக்கு ஓய்வே கிடையாது.

உங்க ஆபீஸில் இது எங்கே?

கசாண்ட்ரா டேட்டாபேஸில் வேலை செய்பவர்களுக்கு இது பழைய தலைவலி. பார்ட்டிஷன் கீயாக நேரத்தை வைத்துவிட்டு 'இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை' என்று கேட்டால், சாதாரணமாக அது மறுத்துவிடும். வரிசைப்படி பிரிக்கும் 'பைட் ஆர்டர்டு பார்ட்டிஷனர்' அதிலேயே இருக்கிறது. ஆனால் ஒரே கணினியில் சுமை குவியும் என்று அதைத் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள்.

வழக்கமான தீர்வு, தேதியை பார்ட்டிஷன் கீயாகவும் நேரத்தை கிளஸ்டரிங் கீயாகவும் வைப்பது. ஒரு நாளுக்குள் ரேஞ்ச் க்வெரி ஜோராக ஓடும். ஆனால் இன்றைக்கு எழுதப்படுவது எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் போய் விழும், மும்பை கதைதான் மறுபடியும். அதனால் தேதியோடு கருவி எண்ணையோ கடை எண்ணையோ சேர்த்து கீ அமைக்கிறார்கள். எல்லாக் கடைக்கும் சேர்த்து ஒரு நாள் ரிப்போர்ட் வேணும்னு மேனேஜர் கேட்டால், கடைக்கு ஒன்றாக அத்தனை க்வெரியும் நீங்கதான் அனுப்பணும்.