வெடி இல்லாத நிலத்தைத் தேடி

1992இல் மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் ஓய்ந்தபோது, மண்ணுக்குள் 20 லட்சம் கண்ணிவெடிகள் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கண்ணிவெடியற்ற நாடாக அது 2015 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. வெடியகற்றும் பணியின் பெரும்பங்கைச் செய்த ஹாலோ டிரஸ்ட் என்ற அமைப்பு எடுத்தவை ஏறத்தாழ 1,71,000தான். வெடி எங்கே இல்லை என்று அறிவதற்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. உலோகம் கண்டறியும் கருவி ஒலித்தால், அடியில் இருப்பது துருப்பிடித்த ஆணியா, தோட்டா உறையா, வெடியா என்று தெரியாது. மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும். வெறும் நிலத்துக்கும் அதே உழைப்பு, அதே செலவு. மொசாம்பிக்கில் 2001இல் நடந்த கண்ணிவெடி ஆய்வு மிகப் பெரும் பரப்பைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்திருந்தது. 2007இல் தொடங்கி ஊர் ஊராக மறுபடி விசாரித்தபோது அதில் பெரும்பகுதி கழிந்துபோயிற்று. இரும்பைப் பொருட்படுத்தாமல் டிஎன்டி வெடிமருந்தின் வாடையை மட்டும் மோப்பம் பிடிக்கும் ஆப்பிரிக்கப் பை எலிகள் உதவியதும் வெறும் நிலத்தைக் கழித்துவிடும் இதே வழியில்தான்.

தோண்டாமலே நிலத்தை விடுவிப்பது உயிரோடு விளையாடுவதாகாதா என்ற அச்சம் நியாயமானது. ஒரே ஒரு பிழை ஒரு குழந்தையின் காலைப் பறித்துவிடும். ஆனால் நிலத்தை அடைத்து வைப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. பசித்தவர்கள் காத்திருப்பதில்லை, மண்டையோட்டுப் பலகையைத் தாண்டி விறகுக்குப் போகிறார்கள். வெறும் நிலத்தில் ஒரு குழு கழிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும், மெய்யான வெடிநிலத்தை ஒட்டி வாழ்பவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள். பல ஆண்டுகள் உழுதும் விபத்து நேராத வயல் என்றால், அந்தச் சாட்சியத்தைப் பதிவு செய்து, பின்னர் வெடி அகப்பட்டால் திரும்பி வரும் பொறுப்பையும் ஏற்றபின் விடுவிப்பதே முறை.