சோளம் தின்ற புழுவும் மயிலிட்டி ஆஸ்பத்திரியும்

மயிலிட்டி எண்டால் எங்களில் கனபேருக்கு மீன்பிடித் துறைமுகம்தான் ஞாபகம் வரும். 1990 ஆனியில் இடம்பெயர்ந்த சனம், 2017 ஆடி 3 ஆம் திகதி அது விடுவிக்கப்பட்ட பிறகுதான் திரும்பக் கால் வைத்தது. பழைய ஆக்களைக் கேட்டால் இன்னொண்டும் சொல்லுவினம்: அங்க ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது.

1943 இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படும் வரை உலகெங்கும் காசநோய்க்கு நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள சாப்பாடுதான் வைத்தியம். உடம்பே கிருமியோடு சண்டை பிடிக்கட்டும் என்று விட்டார்கள். அந்தச் சண்டையின் ஆயுதங்களில் ஒன்று இன்டர்ஃபெரோன் என்ற புரதக் குடும்பம். காசநோய்க் கிருமியை விழுங்கிய கலங்களை, அதைக் கொல்லத் தூண்டுவது காமா இன்டர்ஃபெரோன்.

இந்தக் குடும்பத்தின் முதல் புரதத்தை 1957 இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டார்கள். சிக்கல் என்னவென்றால், உடம்பு அதை மிகச் சொற்பமாகத்தான் சுரக்கும். 1970களில் ஹெல்சிங்கியில் காரி கன்டெல், தானம் செய்த இரத்தத்தின் வெள்ளையணுக்களில் இருந்து அதை எடுத்தார். எவ்வளவோ இரத்தத்துக்குக் கிடைத்தது கொஞ்ச மருந்துதான், அதுவும் தூய்மையற்றது.

பிறகு மனித மரபணுவை பக்டீரியாவுக்குள் வைத்துச் செய்தார்கள். ஆனால் மனிதக் கலம் சில புரதங்களில் கோர்க்கும் சர்க்கரைச் சங்கிலியைச் சாதாரண பக்டீரியாவால் கோர்க்க ஏலாது. பூச்சிக் கலத்தால் ஏலும், மனிதக் கலம் மாதிரியே இல்லாவிட்டாலும்.

1983 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கேல் ஸ்மித், மக்ஸ் சம்மர்ஸ் குழுவினர் புழுக்களைத் தாக்கும் பகுலோவைரஸை எடுத்தார்கள். அது தன்னைச் சுற்றி உறை கட்ட ஒரு புரதத்தை அள்ளி அள்ளிச் செய்யும். ஆய்வுகூடக் கலங்களில் அந்த உறை தேவையில்லை. அந்த இடத்தில் மனித பீட்டா இன்டர்ஃபெரோன் மரபணுவை வைத்தார்கள். வைரஸ் புகுந்த பூச்சிக் கலங்கள் இன்டர்ஃபெரோனைச் சுரந்தன.

அந்தக் கலங்கள் எதனுடையவை தெரியுமா? படைப்புழுவினுடையவை. 2018 இல் இலங்கைக்குள் வந்து சோளச் செய்கையை நாசமாக்கின அதே இனம்!

1985 இல் ஜப்பானில் மயேடா குழுவினர் உயிருள்ள பட்டுப்புழுவிலேயே மனித இன்டர்ஃபெரோனைச் செய்து காட்டினார்கள். பட்டுப்புழுவில் செய்த பூனை இன்டர்ஃபெரோன் அங்கே கால்நடை மருந்தாகவே வந்தது. மனிதருக்கான இன்டர்ஃபெரோன் மருந்துகள் பெரும்பாலும் வேறு கலங்களுக்குப் போய்விட்டன. ஆனால் பாதை மூடவில்லை. ஸ்மித் பின்னர் சேர்ந்த நோவவக்ஸ் நிறுவனத்தின் கொரோனாத் தடுப்பூசிப் புரதமும் படைப்புழுக் கலத்தில்தான் உருவானது. அதையே புனேயின் சீரம் நிறுவனம் கோவோவக்ஸ் என்ற பெயரில் தயாரித்தது; 2021 மார்கழியில் இந்தியா அனுமதித்தது.

பாலூட்டிக் கலங்களுக்கு 37 பாகை வெப்பமும் வழமையாகக் காபனீரொட்சைட்டும் வேணும். படைப்புழுக் கலத்துக்கு 27, 28 பாகை போதும், காபனீரொட்சைட்டு தேவையில்லை. மயிலிட்டிக் கடற்காற்றின் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஊரை இழந்தபோது நாங்கள் வீட்டையும் வள்ளத்தையும் மட்டும் இழக்கேல்லை, நோயோடு சண்டை பிடிக்கிற ஓர் இடத்தையும் இழந்தம். துறைமுகம் திரும்பி வந்திட்டுது. இந்த அறிவும் எங்கட பிள்ளைகளின் கைக்கு எட்டவேணும்.