ஒரு டாலர் ஒப்பந்தமும் லெட்டி அம்மாவும்

ஜார்ஜியா டெக்கில் எம்.எஸ். படித்த நம்ம பசங்க யாரைக் கேட்டாலும் டெக் டவர் பற்றிச் சொல்வார்கள். 1888-ல் கட்டி முடித்த செங்கல் கோபுரம். உச்சியில் இருக்கும் 'டி' எழுத்தைத் திருடிக்கொண்டு போவது 1969-லிருந்து மாணவர்களுக்கு ஒரு வீர விளையாட்டு. அந்தக் கட்டடத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் லெட்டி பேட் வைட்ஹெட் எவன்ஸ் நிர்வாகக் கட்டடம். யாருப்பா இந்த அம்மா என்று தேடப் போய்த்தான் கோகோ கோலா கதைக்குள் விழுந்தேன்.

1899-ல் கோக் என்பது மருந்துக்கடை சோடா கவுண்டரில் நின்று குடிக்கிற சமாச்சாரம். சிரப்பையும் சோடாவையும் அங்கேயே கலந்து கிளாஸில் தருவார்கள், 5 சென்ட். சட்டனூகா ஊர் வக்கீல்கள் இரண்டு பேர், பெஞ்சமின் தாமஸும் ஜோசப் வைட்ஹெட்டும், அட்லாண்டா போய் முதலாளி ஏஸா கேண்ட்லரிடம் "பாட்டிலில் அடைத்து விற்கிறோம், உரிமை கொடுங்க" என்றார்கள். தாமஸ் கியூபாவில் ராணுவ வேலையில் இருந்தபோது அன்னாசி பானத்தை பாட்டிலில் விற்பதைப் பார்த்தவர். கேண்ட்லருக்கு பாட்டில் மேல் நம்பிக்கையே கிடையாது. ஆனாலும் அமெரிக்காவின் பெரும்பகுதிக்கான உரிமையை 1 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த 1 டாலரைக்கூட அவர் வாங்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள்!

கூத்து என்னன்னா, சிரப் விலையை ஒப்பந்தத்திலேயே நிர்ணயித்துவிட்டார்கள். முடிவுத் தேதி போடவில்லை. எக்ஸ்பைரி தேதி கட்டத்தைக் காலியா விட்டு ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பின மாதிரி :-) முதல் உலகப்போருக்குப் பிறகு சர்க்கரை விலை எகிறினதும் கம்பெனி முழி பிதுங்கி, விஷயம் கோர்ட் வரை போய், 1921-ல்தான் சமரசம் ஆனது.

கூட்டாளிகள் 1900-லேயே ஏரியா பிரித்துக்கொண்டார்கள். தெற்குப் பக்கம் வைட்ஹெட்டுக்கு. கையில் காசில்லை. தன் பங்கில் பாதியை ஜான் லப்டன் என்ற இன்னொரு வக்கீலுக்கு 2,500 டாலருக்கு விற்றார். இவர்கள் எல்லா ஊரிலும் தாங்களே ஆலை போடவில்லை. உள்ளூர்க்காரனுக்கு உரிமை கொடுத்து, அட்லாண்டாவிலிருந்து வரும் சிரப்பை அவனுக்கு லாபம் வைத்து விற்பது. மொத்த ஏஜென்சி எடுத்து ஊர் ஊராக சப்-ஏஜென்சி கொடுக்கிற நம்ம ஊர் கணக்குதான்.

1906-ல் நிமோனியாவில் வைட்ஹெட் போய்விட்டார். வயது 42. லெட்டிக்கு 34, இரண்டு சின்னப் பையன்கள். வர்ஜீனியாவில் பிறந்த பெண். அமெரிக்கா முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வர இன்னும் 14 வருஷம் இருந்தது. பங்குகளை விற்று வட்டியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். விற்கவில்லை. கணவரின் தொழிலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். வைட்ஹெட் ஹோல்டிங் கம்பெனி என்று ஒன்று அமைத்து சொத்தைப் பெருக்கினார். 1913-ல் கர்னல் ஆர்தர் எவன்ஸை மணந்தார். 1934-ல் கோகோ கோலா கம்பெனியின் இயக்குநர் குழுவிலேயே இடம். பெரிய அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் அப்படி உட்கார்ந்த முதல் பெண்களில் ஒருவர். சாகும்வரை, கிட்டத்தட்ட 20 வருஷம், அந்த நாற்காலியில் இருந்தார். கேண்ட்லர் கதையை ஊரே பேசுகிறது, இந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி தாண்டிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம்தான்.

பையன்கள் இருவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்: 1935-ல் ஜோசப் ஜூனியர், 1940-ல் காங்க்கி. காங்க்கியின் உயிலிலிருந்து 1946-ல் உருவானதுதான் லெட்டி பேட் வைட்ஹெட் அறக்கட்டளை. மகன் அம்மா பெயரில் வைத்துப் போனதை அம்மா உயிரோடு இருந்து பார்த்தார். தென்கிழக்கின் ஒன்பது மாநிலங்களில் வசதியில்லாத கிறிஸ்தவப் பெண்களின் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. அந்த மத நிபந்தனை எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, என்ன இருந்தாலும் உயில் உயில்தான்.

லெட்டி தனியாகவும் கல்லூரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அள்ளிக் கொடுத்தவர். ஜார்ஜியா டெக்குக்கும் பெரும் தொகை போனது. அந்தக் கல்லூரி பெண்களை மாணவிகளாகச் சேர்க்க ஆரம்பித்ததே 1952-ல்தான். அடுத்த வருஷம், 1953-ல், லெட்டி காலமானார்.