முகமும் சுவரும்

சுவரை அலங்கரிப்பது வேறு, முகத்தை அலங்கரிப்பது வேறு என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பெர்லின் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஹெல்லர்ஸ்டார்ஃப் குடியிருப்பின் படங்களைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் ஆட்டம் கண்டுவிட்டது. கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் எழுப்பிய காங்கிரீட் அடுக்கு வீடுகள் அவை. 1990-களில் அவற்றைப் புதுப்பித்தபோது சுவர்களில் பீங்கான் ஓடுகள் பதித்தார்கள். அந்த ஓடுகளில் இருந்த சுருள்களும் படிக்கட்டு போன்ற கோணங்களும் ஜெர்மனியில் பிறந்தவை அல்ல. பிரேஸில் தேசத்துப் பெண்களின் கன்னங்களில் பிறந்தவை!

அப்பெண்கள் கடிவேயு குலத்தவர். பராகுவே எல்லையை அடுத்து வாழும் இவர்களுடைய முன்னோர், குதிரையேறிப் போர் செய்து பெயர் வாங்கியவர்கள். அவர்களுக்குள் பிரபுக்கள் உண்டு, அடிமைகளும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே போன பாதிரிமாருக்கு இவர்களுடைய முகச் சித்திரங்களைக் கண்டு பொறுக்கவில்லை. வேட்டையை மறந்து, மீன் பிடிப்பதை மறந்து, நாள் முழுவதும் முகத்தைத் தீட்டிக் கொள்கிறீர்களே என்று கேட்டார்கள். தீட்டிக் கொள்ளாத நீங்கள்தான் மூடர்கள் என்று பதில் வந்ததாம். வெறும் முகம் மிருகத்துக்குத் தகும், மனிதனுக்குத் தகாது என்பது அவர்கள் சித்தாந்தம். பாதிரியார் என்ன செய்வார், பாவம்!

ஜெனிப்பாப்போ என்ற காயின் சாறுதான் மை. பூசும்போது நிறமே தெரியாது. காற்றுப் படப்படக் கருநீலமாகும். மெல்லிய மூங்கில் குச்சியைத் தோய்த்து, முன்மாதிரி ஏதுமின்றி, உயிருள்ள முகத்திலேயே கை ஓடும். சில நாளில் எல்லாம் அழிந்து போகும். மறுபடியும் புதிதாக எழுதுவார்கள்.

அழிவதைப் பிடித்து வைக்க முதலில் முயன்றவர்களில் ஒருவர் 1892-இல் வந்த இத்தாலிய ஓவியர் குய்டோ போஜ்ஜானி. அவருக்குப் பின் 1935-இல் பிரெஞ்சு அறிஞர் லெவி ஸ்ட்ராஸ் வந்தார். படம் பிடிக்கலாம் என்று பார்த்தார். பெண்களோ, எங்களைப் படம் எடுத்தே ஆக வேண்டும், காசும் தர வேண்டும் என்று பிடித்துக் கொண்டார்கள். பிலிமை மிச்சப்படுத்த, மனிதர் பல சமயம் எடுப்பதுபோல் பாவனை செய்துவிட்டுக் காசை மட்டும் கொடுத்தாராம்! கடைசியில் காகிதத்தை நீட்டினார். முகத்தின் மேடு பள்ளங்களில் பழகிய கைகள் தட்டைக் காகிதத்திலும் தடுமாறவில்லை. சுமார் 400 சித்திரங்கள் சேர்ந்தன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. போஜ்ஜானி சேர்த்தவற்றோடு வைத்துப் பார்த்தால், நாற்பது ஆண்டில் பாணி மட்டும் மாறவே இல்லை.

முகத்திலிருந்து காகிதத்துக்கு வந்தது சுவருக்குப் போவதில் வியப்பென்ன? பெர்லின் வேலையை ஏற்ற பிரேஸில் கட்டடக் கலைஞர்கள் மார்செலோ ஃபெர்ராஸும் ஃபிரான்சிஸ்கோ ஃபனூச்சியும் பழைய புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கடிவேயு பெண்களையே வரையச் சொன்னார்கள். வரைந்தவர்களுக்கு உரிமைத் தொகையும் கிடைத்தது. எழுத்தை விற்றுப் பிழைக்கிறவன் நான். இந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தேன் என்று ஒப்புக் கொள்வதில் வெட்கமில்லை.

ஆனாலும் மனத்தில் ஒரு சிறு குறை. நானூறில் இரண்டு ஒத்திராத கலை, அச்சு வார்த்த ஓட்டில் ஒரே சித்திரமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. மழை பெய்தாலும் அழிவதில்லை. அந்தப் பெண்களில் சிலர் பெர்லினுக்கே போய்த் தங்கள் கோடுகளைச் சுவரில் பார்த்தார்கள். பார்த்தபோது, அடுத்த தடவை இந்தச் சுருளை வேறு மாதிரி வளைக்க வேண்டும் என்று எவள் விரலாவது துடித்திருக்காதா?